ரொஸ்க்வாவுக்கு என்ன நடந்தது?

(ஹேர்னிங்கில் நடந்த எங்கள் வாசிப்பு நாளில் பேசியது. பேச்சு வழக்கை முழுக்கத் திருத்தாமல் அனுப்புகிறேன்.)



எனக்கு முதல் பேசினவர் வீட்டு வாடகை பற்றிப் பேசினார். எனக்குப் பிறகு வருகிறவர் மலையகத் தோட்டச் சம்பளம் பற்றிப் பேசப் போகிறார். நடுவில் நான் ஒரு காமிக்ஸ் புத்தகத்தோடு வந்து நிற்கிறேன். "வாசித்ததில் உங்களை விடாமல் துரத்துகிற ஒன்றைப் பற்றிப் பேசுங்கோ" என்று கேட்டிருந்தீர்கள. பல்கலைக்கழகத்துக்காக வாசிக்கிற தடித்த புத்தகங்களில் ஒன்றைக் கொண்டுவந்து படம் காட்டியிருக்கலாம். ஆனால் உண்மையில் என்னைத் துரத்துவது இதுதான். "வல்ஹல்லா" தொடரின் பதினைந்தாவது அல்பம், கடைசி அல்பம். பெயரைத் தமிழில் சொன்னால் "குறிசொல்லியின் காட்சிகள்" என்று வரும். 2009இல் வெளிவந்தது.

டென்மார்க்கில் வளர்ந்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. வெளியில் இருந்து வந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஓவியர் பீட்டர் மாட்சன், கதை எழுதுவதில் ஹென்னிங் கூர உட்படச் சில நண்பர்கள். 1979இல் முதல் அல்பம், 2009இல் கடைசி. முப்பது வருசத்தில் பதினைந்தே பதினைந்து. ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையில் சில நேரம் ஒரு வருசம், சில நேரம் ஐந்து வருசம். கதைகள் எல்லாம் பழைய வடநாட்டுத் தேவர் கதைகள்: தோர், ஓடின், லோகி, ஃப்ரெயா. 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் எழுதி வைக்கப்பட்ட எட்டாக்களில் இருந்து எடுத்தவை. அமெரிக்கப் படங்களில் வருகிற தசை முறுக்கின தோரை மறந்துவிடுங்கோ. இந்தத் தோர் செந்தாடி, வண்டி, கோபம், நல்ல மனசு எல்லாம் சேர்ந்த ஒரு மாமா. கலியாண வீட்டில் இரண்டாம் பந்தியிலும் இருக்கிற மாமா.

இந்தத் தொடரை நான் ஒழுங்காக வாசிக்கவில்லை. ஹேர்னிங் நூலகத்தில் எது பெட்டிக்குள் கிடக்குதோ அதை எடுத்து வந்தேன். ஏழாவதுக்குப் பிறகு இரண்டாவது, பிறகு பதினொன்று. அம்மா துப்புரவு வேலை முடிந்து வரும்வரைக்கும் நூலகம்தான் என்னைப் பார்த்துக்கொண்டது. நெசவாலும் பின்னல் ஆடையாலும் வளர்ந்த ஊர் இது. எங்கட ஆட்கள் வந்து சேர்ந்து, தொழிற்சாலையும் துப்புரவும் செய்து, பிள்ளையாருக்கு ஒரு கோயிலும் கட்டினார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருத்திக்குத் தோரும் பிள்ளையாரும் ஒரே வயதில் அறிமுகமானது பெரிய அதிசயம் இல்லை. இரண்டு பேருக்கும் சாப்பாட்டில் விருப்பம்.

அப்பாவும் காமிக்ஸ்காரர்தான். யாழ்ப்பாணத்தில் அவர் வாசித்தது சிவகாசியில் இருந்து வந்த முத்து காமிக்ஸ். 1972இல் தொடங்கியது, முதல் இதழ் "இரும்புக்கை மாயாவி". இங்கிலாந்துக்காரன் போட்ட கதை, சிவகாசியில் தமிழாகி, கடல் தாண்டி, அப்பாவின் கையில். பிறகு 1984இல் ராணி காமிக்ஸ் வந்தது. அப்பா 1986இல் இங்கே வந்துவிட்டார். அது இரண்டு தசாப்தம் ஓடி நின்று போனது கூட அவருக்குத் தெரியாது. "நிண்டிட்டுதே?" என்று என்னிடம் கேட்டார். கடைசி இதழ் என்று ஒன்றை அவர் வாழ்நாளில் கையில் பிடித்ததில்லை. நான் பிடித்தேன். பத்து வயதில்.

கடைசி இதழுக்கு வருவதற்கு முதல் குவார்க்கைப் பற்றிச் சொல்லாமல் போக ஏலாது. நாலாவது அல்பம் "குவார்க்கின் கதை", 1987. குவார்க் ஒரு ராட்சதக் குழந்தை. பழைய நூல்களில் அவன் இல்லை, இவர்களின் சொந்தக் கற்பனை. கறுப்புத் தலைமயிர், சொல்வழி கேளாத பிள்ளை, எல்லாத்தையும் உடைக்கிறவன், தேவர்களின் வீட்டில் வந்து மாட்டிக்கொள்கிறான். அடுத்த அல்பத்தில் அவனைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டால் காணும் என்று தேவர்கள் பயணம் போகிறார்கள். வகுப்பில் நானும் குவார்க்தான் என்று நான் நினைக்காத நாள் இல்லை. இதை நான் சொன்னதும் சிரிக்கிற ஆட்களைப் பார்க்க, நீங்களும் அப்படித்தான் போல.

அதே 1987இல்தான் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் இலங்கைத் தமிழ் அகதிகளின் குடும்ப இணைப்பு விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாக நிறுத்தி வைத்தார். மனைவி பிள்ளைகள் சண்டைக்குள், கணவன் இங்கே. 1993 ஜனவரியில் விசாரணை அறிக்கை வந்ததும் பிரதமர் போல் ஷ்லூட்டரின் அரசே பதவி விலகியது. 1995இல் நின்-ஹான்சனுக்கு நாலு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை. "தமிழர் வழக்கு" என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். எங்கள் குடும்பம் அதில் அகப்படவில்லை, அப்பா அப்ப தனியாள். ஆனாலும் ராட்சதப் பிள்ளை ஒன்றைத் தேவர் வீட்டுக்குள் வைத்திருப்பதா திருப்பி விடுவதா என்று இந்த நாட்டுப் பிள்ளைகள் சிரித்துச் சிரித்து வாசித்த வருசமும், இதுவும் ஒன்று. நான் பட்டப்படிப்பில் எழுதின முதல் கட்டுரை இதைப் பற்றித்தான். நல்ல புள்ளி கிடைத்தது. இப்போது திரும்ப வாசிக்க எனக்கு அதில் ஒரு பிழை தெரிகிறது. அதற்குத்தான் வருகிறேன்.

கடைசி அல்பம். அதன் அடித்தளம் ஒரு பழைய பாடல். ஓடின் ஒரு குறிசொல்லியிடம் கேட்கிறான், அவள் உலகம் தோன்றினதில் இருந்து அழிகிறதுவரைக்கும் சொல்கிறாள். ஓடின் அவளுக்கு நகை குடுத்துத்தான் கேட்கிறான். அவளோ கேட்டவனைச் சீண்டிச் சீண்டிச் சொல்கிறாள். ஓநாய் ஓடினை விழுங்கும். தோர் பாம்பைக் கொன்று, ஒன்பது அடி நடந்து, விழுவான். சூரியன் கறுக்கும், பூமி கடலுக்குள் போகும். முப்பது வருசம் எங்களைச் சிரிக்க வைத்த மாமாமாருக்கு இதுதான் முடிவு என்று முதலே தெரியும். ஆனால் தெரிந்த முடிவுக்கும் கண்ணால் பார்க்கிற முடிவுக்கும் வித்தியாசம் இருக்கு. நூலகத் தரையில் இருந்து வாசித்து முடித்து, வீட்டுக்குப் போகும் வழியில் அழுதேன்.

மாட்சன் கடைசிப் பக்கங்களில் என்ன செய்தார் என்று சொல்ல மாட்டேன். வாசிக்காத ஆட்கள் இருக்கிறீர்கள், அது பாவம். ஆனால் கடைசி அல்பங்களின் ஒழுங்கைப் பற்றி ஒன்று சொல்லலாம். பதின்மூன்று, பால்டரின் சாவு. பதினாலு, "மதில்". பதினைந்து, உலக முடிவு. மதில் கதை, கால ஒழுங்கில் பார்த்தால் ஆரம்பத்தில் வரவேண்டிய கதை. தேவர்களின் ஊருக்குச் சுற்றுமதில் இல்லை. ஒரு கட்டடக்காரன் வந்து, கட்டித் தருகிறேன், கூலியாக ஃப்ரெயாவையும் சூரியனையும் சந்திரனையும் தாருங்கோ என்கிறான். ஒரு மாரிக்குள் முடித்தால் தருவோம் என்று சத்தியம் செய்கிறார்கள், முடிக்க மாட்டான் என்ற நம்பிக்கையில். அவன் தன் குதிரையோடு இரவு பகலாகக் கல் இழுத்து, கெடுவுக்கு மூன்று நாள் இருக்கும்போது கிட்டத்தட்ட முடித்துவிடுகிறான். உடனே லோகி பெண்குதிரையாக உருமாறி அவன் குதிரையைக் கவர்ந்து இழுத்துக்கொண்டு போகிறான். வேலை நிற்கிறது. கட்டடக்காரன் கோபப்பட, அவன் ராட்சதன் என்று கண்டுபிடிக்கிறார்கள். தோர் சுத்தியலால் அவன் மண்டையில் அடிக்கிறான். மதில் தேவர்களுக்கு. கூலி, சுத்தியல்.

கட்டட வேலைக்கு வெளிநாட்டில் இருந்து ஆளைக் கொண்டுவந்து, சம்பள நாளில் அவனின் கடவுச்சீட்டைப் பற்றிக் கேள்வி கேட்கிற முதலாளிகளை உங்களுக்குத் தெரியும். இதை நான் விளக்கத் தேவையில்லை.

ஆனால் இந்தக் கதை முடிவுக்கு ஒரு படி முன்னால் வைக்கப்பட்டது தற்செயலாகவும் இருக்கலாம். பழைய பாடலிலும் அப்படித்தான்: கட்டடக்காரனுக்குக் கொடுத்த சத்தியம் முறிந்த இடத்துக்குப் பிறகுதான் பால்டரின் சாவும் பேரழிவும் வருகிறது. ஓநாயையும் பாம்பையும் எல்லாரும் படமாக வைத்திருக்கிறார்கள், கையில் பச்சை குத்துகிறார்கள். குடுக்காத கூலியை ஒருத்தரும் பச்சை குத்துவதில்லை.

சரி, இப்போது தலைப்புக்கு வருகிறேன். ரொஸ்க்வா.

தோரும் லோகியும் ஒரு ஏழை உழவனின் வீட்டில் ஒரு இரவு தங்குகிறார்கள். சாப்பாடு இல்லாத வீடு. தோர் தன் வண்டி ஆடுகள் இரண்டையும் அறுத்து எல்லாருக்கும் விருந்து வைக்கிறான். எலும்பு மட்டும் உடைபடக் கூடாது, தோலின் மேல் போடவேண்டும். காலையில் சுத்தியலால் ஆசீர்வதிக்க ஆடுகள் உயிரோடு எழும்பும். வீட்டுப் பெடியன் த்யால்ஃப பசி தாங்காமல் தொடை எலும்பைப் பிளந்து மச்சையை உறிஞ்சிவிடுகிறான். காலையில் ஒரு ஆடு நொண்டுகிறது. தோரின் கோபத்தைக் கண்டு வீடே நடுங்குகிறது. நட்டஈடாகப் பிள்ளைகள் இரண்டையும், த்யால்ஃபவையும் தங்கச்சி ரொஸ்க்வாவையும், வேலைக்காரராகக் கொண்டுபோகிறான். பழைய நூலில் அப்படி. 1986இல் வந்த கார்ட்டூன் படத்தில் ரொஸ்க்வா தானாகவே ஒளிந்து கூடப் போவாள், கொஞ்சம் இனிமையாக்கி இருக்கிறார்கள். காமிக்ஸின் கதாநாயகர்கள் உண்மையில் இந்த இரண்டு பிள்ளைகள்தான். அவர்களின் கண்ணால்தான் தேவர்களின் வீட்டைப் பார்க்கிறோம்: கழுவாத சட்டி, கூட்டாத முற்றம்.

நான் போன வருசம் உட்கார்ந்து தேடினேன். உலக அழிவில் இந்தப் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது? ஓடினுக்கு ஓநாய். தோருக்குப் பாம்பு. ஃப்ரெய்க்குத் தீ ராட்சதன். ஹெய்ம்டாலும் லோகியும் ஒருவரை ஒருவர். நாய்க்குக் கூட ஒரு எதிரி குறித்து வைத்திருக்கிறார்கள். எல்லாம் முடிந்து கடலில் இருந்து பச்சையாகப் பூமி திரும்ப எழும்பும்போது, தேவர்கள் விளையாடின தங்கக் காய்கள் புல்லுக்குள் கிடந்து எடுபடும். விளையாட்டுக் காய்க்கு என்ன நடந்தது என்று தெரியும். காட்டுக்குள் ஒளிந்து தப்பின இரண்டு மனிதரின் பெயரும் வேறொரு பாடலில் இருக்கு, ஆனால் அவை இவர்களின் பெயர் இல்லை. ரொஸ்க்வா பற்றி எட்டாக்களில் இருப்பது, அன்றிலிருந்து இரண்டு பேரும் தோரோடு இருந்தார்கள் என்பது மட்டும். முடிவில் அவர்களுக்கு ஒரு வரி கூட இல்லை.

2019இல் இந்தக் காமிக்ஸை வைத்து ஒரு நடிகர் படம் வந்தது, இயக்குநர் ஃபேனார் அகமட். ஈராக்கியப் பெற்றோருக்குப் பிறந்து இங்கே வளர்ந்தவர். அவர் ரொஸ்க்வாவை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். படம் சுமார்தான், இருட்டு கூட. ஆனால் தேவர்களைப் பார்க்க அந்தப் பிள்ளையின் முகத்தை அவர் தெரிவு செய்தது எனக்கு விளங்கியது.

இந்தக் கேள்வியை வைத்து ஒரு கட்டுரை எழுதலாம் என்று ஓகூஸில் இருந்து வீட்டுக்கு வந்த ஒரு சனிக்கிழமை, சாப்பாட்டு மேசையில் அல்பங்களைப் பரப்பி வைத்திருந்தேன். அம்மா வந்து முதலாவது அல்பத்தைப் புரட்டினா. டேனிஷ் எழுத்து அம்மாவுக்கு மெதுவாகத்தான் ஓடும், படத்தைப் பார்த்துக் கேட்டா. நான் எலும்புக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னா: "எங்கட வீட்டிலையும் ஒரு பிள்ளை நிண்டவள். பால்மா ரின்னுக்குள்ள ஒரு கரண்டி அள்ளி வாயில போட்டதுக்கு அம்மம்மா அகப்பையால அடிச்சவ."

இருபத்தைந்து வருசத்தில் நான் இதைக் கேள்விப்பட்டதே இல்லை.

அந்தப் பிள்ளை மலையகத்தில் பிறந்தவள். 1977 வன்முறைக்குப் பிறகு வன்னிக்கு ஓடிவந்த குடும்பங்களில் ஒன்று. ஆரோ தெரிந்தவர் மூலம் ஒன்பது வயதில் யாழ்ப்பாணத்துக்கு, அம்மம்மா வீட்டுக்கு வந்தாள். அம்மாவுக்கும் அவளுக்கும் ஒரே வயது. அம்மா பள்ளிக்கூடம் போகும்போது அவள் முற்றம் கூட்டுவாள். நான் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டேன், அம்மா குனிந்தபடி பதில் சொன்னா. எங்க படுத்தவள்? "குசினிக்குள்ள." சம்பளம்? "தகப்பன் வருசத்துக்கு ஒருக்கா வந்து வாங்கிக்கொண்டு போவார். பிறகு வாறேல்லை." பெயர்? வீட்டில் கூப்பிட்ட பெயர் அம்மம்மா வைத்தது. சொந்தப் பெயர் வேறு. அது அம்மாவுக்கு ஞாபகம் இல்லை.

1987 ஒக்டோபரில் இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்துக்குள் சண்டை பிடித்து வந்தபோது குடும்பம் கோயிலுக்கு ஓடியது. வீட்டைப் பார்க்க அவளை விட்டுவிட்டுப் போனார்கள். கிழமைக் கணக்கில் கழித்துத் திரும்பி வர அவள் இல்லை. வீடு பூட்டியிருந்தது. முற்றம் கூட்டியிருந்தது. திறப்பு வழமையாக வைக்கிற இடத்தில், பூச்சட்டிக்குக் கீழே இருந்தது. "ஓடிட்டாள்" என்று அம்மம்மா சொன்னா. கதை அவ்வளவுதான்.

என் கட்டுரையில் இருந்த பிழை இதுதான். 1987 என்றால் நாங்கள் குவார்க், நாங்கள் வாசலில் நின்ற பிள்ளை என்று எழுதினேன். அது பொய்யில்லை. ஆனால் அதே வருசம் எங்கட வீட்டு வாசலுக்கு உள்பக்கம் ரொஸ்க்வா நின்றிருக்கிறாள். டேனிஷ்காரரின் மதிலைப் பற்றி எனக்கு இருபது பக்கம் எழுத வந்தது, அம்மம்மாவின் குசினியைப் பற்றி ஒரு வரி வரவில்லை. இது ஒரு வீட்டுக் கதையும் இல்லை. 1707இல் ஒல்லாந்தர் தேசவழமையைத் தொகுத்தபோது அதில் அடிமைகளுக்கென்று தனிப் பகுதி இருந்தது. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். ஒழிந்ததுக்கு 130 வருசத்துக்கு மேல் கழித்தும் ஒரு ஒன்பது வயதுப் பிள்ளை அடுப்படியில் படுத்தாள், "வீட்டுப் பிள்ளை மாதிரித்தான் வைச்சிருந்தம்" என்று சொல்லிக்கொண்டார்கள். உங்கள் வீடுகளிலும் இந்த வசனத்தைக் கேட்டிருப்பீர்கள். கேட்டிராவிட்டால், கேட்டுப் பாருங்கோ. சித்தப்பாமாரிடம் இல்லை, அம்மாமாரிடம். அவர்களுக்குத்தான் கரண்டியும் அகப்பையும் ஞாபகம் இருக்கும்.

2009 வசந்தத்தில், நான் பத்து வயது, பெரியாட்கள் பேருந்து பிடித்துக் கோப்பன்ஹேகனுக்கு ஊர்வலம் போய்க்கொண்டிருந்தார்கள். வீட்டில் தொலைக்காட்சி நிற்கவே இல்லை. மாமா வன்னிக்குள். யாழ்ப்பாணத்தில் அம்மம்மா ஒரு குறி சொல்கிற மனுசியிடம் போய், காசும் வெற்றிலையும் வைத்து, மாமா வருவாரா என்று கேட்டிருக்கிறா. வருவான், தண்ணிப் பக்கத்தால் வருவான் என்று அவ சொன்னாவாம். மாமா தப்பி வந்து செட்டிகுளம் முகாமில் இருந்தார். குறி பலித்தது என்று இன்றைக்கும் சொல்வார்கள். ஓடினும் தன் மகனின் சாவை அறியத்தான் செத்துப்போன குறிசொல்லி ஒருத்தியை எழுப்பினான், அது இன்னொரு பாடல். பெற்றவர்கள் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும்.

அம்மாவிடம் கேட்டேன், அந்தப் பிள்ளையைப் பற்றி அம்மம்மா குறி கேட்டவவா?

"இல்லை. ஒருத்தரும் கேக்கேல்லை. நானும் கேக்கேல்லை."

1987இல் அவள் வீட்டைப் பூட்டிவிட்டுத் தன் ஆட்களிடம் போயிருந்தால் வன்னிக்குத்தான் போயிருப்பாள். 2009இல் அந்தக் கரையில் அகப்பட்ட சனத்தில் மலையக வழி வந்தவர்கள் கனபேர், இதை நாங்கள் எங்கள் கூட்டங்களில் அடிக்கடி சொல்கிறோம். சொல்லும்போது அது ஒரு வர்க்க ஆய்வாக, நல்ல வசனமாக வரும். அந்த வசனத்துக்குள் எங்கட வீட்டுத் திறப்பை பூச்சட்டிக்குக் கீழே வைத்துவிட்டுப் போன ஒருத்தி இருந்திருக்கலாம் என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை. அப்ப அவளுக்கு நாற்பது வயது வரும். பிள்ளைகள் இருந்திருக்கும்.

நாங்கள் ஒவ்வொரு மே மாதமும் முடிவைப் பற்றிப் பேசுகிறோம். பெரிய பெயர்களுக்கு என்ன நடந்தது, கடைசி நாள், கடைசி மணித்தியாலம், ஆர் எங்க விழுந்தது, இது எல்லாம் நிமிசக் கணக்கில் சொல்கிற அண்ணாமார் எங்களிடம் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, நானும் ஓநாயையும் பாம்பையும் மனப்பாடமாக வைத்திருக்கிற ஆள்தான். ஒரு ரசிகை முடிவைத் திரும்பத் திரும்ப வாசிப்பாள். எந்த வாசிப்பில் சட்டி கழுவின பிள்ளை கண்ணில் படுகிறாள் என்பதுதான் எனக்கு இப்போது பிரச்சினை. எனக்குப் பதினைந்து வருசம் எடுத்தது. அதுவும் அம்மா வந்து படத்தைப் பார்த்ததால்.

போன கிழமை அம்மா தொலைபேசி எடுத்தா. வழமையாகச் சாப்பிட்டியா என்று தொடங்குவா. இந்த முறை, "ஹற்றன் பக்கம்" என்று தொடங்கினா. அந்தப் பிள்ளையின் தகப்பன் முதல் வேலை செய்த தோட்டம் ஹற்றன் பக்கம் என்று ஒருமுறை சொன்னவராம், பெயர் நுனி நாக்கில் நிற்குதாம், வருகுதில்லையாம். மாமாவிடமும் கேட்டுப் பார்க்கிறேன் என்றா. அம்மம்மா போய்ச் சேர்ந்துவிட்டா, அவவிடம் கேட்க ஏலாது.

அடுத்துப் பேசப் போகிற தோழர் ஹற்றன்காரர். அவருடைய பேச்சு முடிய, தேத்தண்ணி நேரத்தில் எனக்கு அவரிடம் தனியாக ஒரு கேள்வி இருக்கு. மற்ற ஆட்களுக்கு: அல்பம் இந்த மேசையில் இருக்கும், புரட்டிப் பாருங்கோ, கடைசிப் பக்கத்தை மட்டும் முதலில் பார்க்காதேங்கோ. செவ்வாய்க்கிழமை நூலகத்துக்குத் திருப்பிக் குடுக்க வேணும். தேத்தண்ணி ஊத்திப் போடாதேங்கோ.